நாலு லிட்டர் டீசலும் என் கணக்கும்

யூனிட் கணக்கில் ஏமாந்த கதை இருந்தால் எழுதச் சொல்லிக் கேட்டீர்களே, இதோ என்னுடையது. மன்னார்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊர். குறுவை நட்டுப் பத்து நாள்கூட ஆகவில்லை, டிரான்ஸ்பார்மர் போய்விட்டது, போர்செட் ஓடாது. ஆற்றில் தண்ணீர் இருந்தும் வாய்க்காலில் ஏறும் மட்டத்துக்கு வரவில்லை. 5 எச்பி ஆயில் இன்ஜின் ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். படித்தவன் என்பதால் டீசல் கணக்கு என் தலையில்.

ஒரு எச்பி 746 வாட். அப்போ 5 எச்பி பத்து மணி நேரம் ஓடினால் 37 யூனிட் (கிலோவாட்-மணி) சொச்சம். ஒரு லிட்டர் டீசலை எரித்தால் ஏறக்குறைய 36 மெகாஜூல், ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல், ஆக லிட்டருக்குப் பத்து யூனிட். நாலு லிட்டர் தாராளம்! அப்பா கேனைப் பார்த்து, "இது பாதி ராத்திரிகூடத் தாங்காதுடா" என்றார். நான் செல்போனைக் காட்டினேன்.

எட்டு மணிக்குப் போட்ட இன்ஜின் பதினொன்றுக்கு இருமி நின்றது. அப்பா டாங்கியில் தென்னை ஈர்க்குச்சியை விட்டு எடுத்தார், நுனிகூட நனையவில்லை. ஒன்றுமே சொல்லாமல் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார், அதுதான் தாங்கவில்லை. யூனிட்டாக மாற்றியதில் தப்பே இல்லை, டீசலின் சூடு முழுக்கத் தண்ணீரை இறைக்கப் போகும் என்று நினைத்ததுதான் தப்பு. முக்கால் பங்கு புகையிலும் சூட்டிலும் போய்விடுகிறது, லிட்டருக்கு மூன்று யூனிட் வேலை கிடைப்பதே பெரிது.

*

அண்ணே, கரண்ட் மோட்டாரிலும் இதே கூத்து உண்டு. "அஞ்சு எச்பின்னா மணிக்கு அஞ்சு யூனிட்" என்பார் எங்கள் சித்தப்பா. இல்லை, 3.73 என்று திருத்தினேன். பிறகு வீட்டு மீட்டரில் மாட்டிப் பார்த்தால் நாலரைக்கு மேல் ஓடுகிறது. மோட்டார் தகட்டில் எழுதியிருப்பது சுழலும் தண்டு தரும் எச்பி, கரண்டாக மோட்டார் இழுப்பது அதைவிட அதிகம். சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

*

நான் கும்பகோணம். அம்மாவுக்குச் சர்க்கரை, ஒரு நாளைக்கு 1800 கலோரிதான் சாப்பாடு என்று எழுதிக் கொடுத்தார்கள். பத்தாவது படிக்கும் பையன் அதை, கலோரிக்கு 4.2 ஜூல் என்று பெருக்கி, "7560 ஜூல்தான் பாட்டி, பதினஞ்சு லிட்டர் குடத்தை மாடிக்கு இருபது தடவை தூக்கினால் தீர்ந்துடும்" என்றான். அம்மா பயந்து ராத்திரி இரண்டு இட்லி கூடுதலாக வைத்துக்கொண்டார். சாப்பாட்டில் கலோரி என்று சொல்வது கிலோகலோரியை என்பது அவனுக்குத் தெரியவில்லை. ஆயிரத்தால் பெருக்கினால் 75 லட்சம் ஜூல், அதாவது இரண்டு யூனிட் சொச்சம். "அடப்பாவி, ஒரு நாள் முழுக்க நான் ஓடுறதுக்கு அவ்வளவுதான் கரண்டா?" என்று அம்மா கேட்டதற்கு அவனிடம் பதில் இல்லை, ஏசியை அணைத்துவிட்டுப் போய்விட்டான்.