காபிக் கடைச் சுவரில் ஓவியம், யாரிடம் கொடுக்கலாம்?

மஞ்சக்குப்பத்தான்:
கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய வீட்டின் முன்கட்டை வாடகைக்கு எடுத்துக் காபிக் கடை போடுகிறேன். 14க்கு 9 அடியில் ஒரு சுவர் மொட்டையாக நிற்கிறது. அதில் தேவனாம்பட்டினம் கடற்கரை, படகு, வலை பின்னுகிறவர்கள் என்று ஏதாவது வரைய வைக்க ஆசை. ஒருவர் சதுர அடிக்கு 120 ரூபாய் என்கிறார். பாண்டியில் ஓவியம் படித்த பெண் ஒருவர் 300 கேட்கிறார், அதுவும் நெட்டில் எடுத்த படத்தைக் காட்டினால் அப்படியே போட மாட்டாராம். என்ன செய்யலாம்?

பழைய பிரஷ்:
ஃப்ளெக்ஸ் வரும்வரை கடை போர்டு எழுதிப் பிழைத்தவன் நான். ரேட்டை விடுங்க தம்பி, சுவர் என்ன சுவர்? பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மேல் பட்டி பார்த்து எனாமல் அடித்தால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல், அடுத்த மழைக்கே உப்பு பூத்து, படகோடு சேர்ந்து பொரிந்து விழும். பிளாஸ்டிக் ஷீட்டை நாலு ஓரமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்க, உள்பக்கம் தண்ணீர் கோத்தால் இப்போதைக்கு யாரையும் கூப்பிடாதீங்க. சுண்ணாம்பு மட்டமில்லை, பனமலைக் கோயிலில் பல்லவர் காலத்துப் படம் அதில்தானே இன்னும் நிற்கிறது!

பாண்டிக்காரி:
நான் 300 கேட்டவரிடமே கொடுப்பேன். முதலில் ஸ்கெட்சுக்கு மட்டும் தனியாகப் பணம் கொடுங்கள், பிடிக்காவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். நான் அப்படிச் செய்யாமல், பாதி வரைந்த பிறகு "இந்த நீலம் வேண்டாம்" என்று ஆரம்பித்து இரண்டு பேருக்கும் மனஸ்தாபம். இன்னொன்று, நாற்காலி போடுகிற பக்கம் நாலடிக்கு மேல்தான் படம் தொடங்க வேண்டும். என் கடையில் மீனவர் முகம் சரியாக உட்கார்ந்தவர் தலை உயரத்தில் இருந்தது. ஆறே மாதத்தில் அவர் கன்னத்தில் தேங்காய் எண்ணெய் வட்டம் வட்டமாக.

கோர்ட்டுப் பறவை:
நெட் படத்தை அவர் மறுத்தது சரிதான், அது வேறொருவர் உழைப்பு. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதி வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால், காசு கொடுத்து வரைய வைத்தவருக்கே பதிப்புரிமை. ஆனாலும் 57ஆம் பிரிவின்படி, வரைந்தது தான்தான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஓவியருக்கே, படத்தைச் சிதைத்தால் கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979இல் அரசே பெயர்த்தெடுத்தது. 2005இல் உயர் நீதிமன்றம் அதை அவரிடமே திருப்பிக் கொடுத்து 5 லட்சம் ரூபாயும் தரச் சொன்னது. உங்களுடையது வாடகைக் கடை வேறு, காலி செய்யும்போது வீட்டுக்காரர் வெள்ளை அடித்துவிட்டால் என்ன என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மஞ்சக்குப்பத்தான்:
நேற்று ராத்திரி ஷீட் ஒட்டினேன் அண்ணா. காலையில் பார்த்தால் கீழ்ப்பாதி முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். பின்பக்கம் வீட்டுக்காரரின் குளியலறையாம்! சாயங்காலம் அவரைப் பார்க்கப் போகிறேன், படகெல்லாம் அப்புறம்.