14 வயதுப் பையன் கேவன் சல்லிவன் முதல்முறையாக ஆட இறங்கிய அன்று மைதானத்தில் இருந்தவர்கள் யாராவது உண்டா?

எக்ஸ்டன்வாசி:

2024 ஜூலை 17, புதன்கிழமை. மறுநாள் காலை எட்டு மணிக்கு எனக்கு மீட்டிங். செஸ்டரிலிருந்து வீடு வந்து சேரவே நடுராத்திரி ஆகிவிடும், போக வேண்டாம் என்று என் மகனிடம் சொல்லிப் பார்த்தேன். "இன்னிக்கு இறக்குவாங்கப்பா, எனக்குத் தெரியும்" என்று ஒரே பிடிவாதம். சரி என்று கிளம்பினோம்.

செஸ்டரில் ஃபிலடெல்ஃபியா யூனியன் கால்பந்து அணி ஆடும் சுபாரு பார்க்குக்குப் போகாதவர்களுக்காக: டெலவேர் ஆறு ஓரத்தில், கமடோர் பேரி பாலம் தலைக்கு மேலே நிற்க, சுமார் 18,500 பேர் உட்காரும் மைதானம். ஜூலையில் ஆற்றங்கரைப் புழுக்கம் சட்டையை முதுகோடு ஒட்டிவிடும். எதிரணி நியூ இங்கிலாந்து ரெவல்யூஷன். ஆட்டம் 5-1 என்று முடிந்தது. ஆனால் அந்த ஐந்து கோலையும் யார் போட்டார்கள் என்று இன்றைக்குக் கேட்டால் என் மகனுக்கே சந்தேகம்தான். அவன் ஆட்டத்தைவிட அதிகமாகப் பார்த்தது, கோட்டுக்கு வெளியே உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்த மாற்று வீரர்களை.

85-ஆவது நிமிடத்தில் கேவன் சல்லிவன் உள்ளே வந்தான். வயது 14 வருடம், 293 நாள். அமெரிக்காவின் முதல்நிலை கால்பந்து லீகான எம்எல்எஸ்ஸில் மிகக் குறைந்த வயதில் ஆடியவர் என்று ஃப்ரெடி அடூ 2004-ல் வைத்த சாதனையை 13 நாள் வித்தியாசத்தில் முந்திவிட்டான். 20 வருடம் யாரும் தொடாத சாதனை.

பையனைப் பற்றி இரண்டு வரி. பிறந்தது 2009 செப்டம்பர் 28. இடது கால் ஆட்டக்காரன், நடுக்களத்தில் முன்பக்கம் நின்று ஆட்டத்தைக் கட்டமைக்கிற பிளேமேக்கர். அண்ணன் குவினும் யூனியன் வீரர். தாத்தா கல்லூரி அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர், அப்பா அம்மா இருவரும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துக்கு ஆடியவர்கள். அம்மா வழிப் பாட்டி வங்கதேசத்துக்காரர். இந்தக் கடைசித் தகவல் எங்கள் ஊர் சாக்கர் அப்பாக்களின் வாட்ஸாப் குழுவுக்கு வந்து சேர்ந்த நிமிடத்திலிருந்து அவன் "நம்ம பையன்" ஆகிவிட்டான். கிரிக்கெட்டில் வங்கதேசத்தைத் திட்டுகிற ஆட்களே பங்கு கேட்டு முன்னால் நின்றார்கள்.

அந்த ஆண்டு மே மாதம்தான் யூனியனோடு ஒப்பந்தம் போட்டிருந்தான். 18 வயதானதும் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டிக்குப் போக ஏற்பாடு. இடையில் மூன்று வருடத்துக்கு மேல் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை நாடு விட்டு நாடு மாற்ற ஃபிஃபா விதி விடாது. ஐரோப்பாவுக்குள் மட்டும் 16 வயதிலிருந்து விலக்கு உண்டு. பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இங்கிலாந்து கிளப்களுக்கு அந்த விலக்கும் போய்விட்டது.

நான் எழுத வந்தது சாதனையைப் பற்றி அல்ல. அந்தக் கடைசி நிமிடங்களில் நான் எல்லாரையும் போலப் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் என் கையைத் தட்டி, "பந்தைப் பார்க்காதீங்க. அவன் தலையைப் பாருங்க" என்றான். பார்த்தேன். பந்து நாற்பது அடி தள்ளி வேறு யாரோ காலில் இருக்கும்போதே இவன் தலை திரும்புகிறது. இடது தோளுக்கு மேல் ஒன்று, வலது தோளுக்கு மேல் ஒன்று. நம் ஊர்ப் பாட்டிகள் சாலையைக் கடக்கும்போது பார்ப்பார்களே, அப்படி. பந்து வந்து சேரும்போது உடம்பு ஏற்கெனவே பாதி திரும்பி நிற்கிறது.

பிளேமேக்கர் என்றால் நான் அதுவரை அழகான பாஸ் கொடுப்பவன் என்றுதான் நினைத்திருந்தேன். கொடுப்பதற்கு முன்னால் உள்ள இரண்டு விநாடிதான் வேலை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. நார்வேயில் கைர் யோர்டெட் என்கிற ஆராய்ச்சியாளர் பல வருடமாக இதையே படம் பிடித்து எண்ணிக்கொண்டிருக்கிறார். பந்து வருமுன் அடிக்கடி சுற்றிப் பார்க்கிறவர்களின் பாஸ்தான் அதிகமாகப் போய்ச் சேருகிறது என்பது அவர் சொல்வது.

வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு வயிற்றெரிச்சல். என் மகன் இருக்கும் கிளப்பில் (பெயர் வேண்டாம்) வருடத்துக்கு 2,800 டாலர் கட்டுகிறேன். சின்ன உடம்பு, வேகமாக ஓடுகிறான் என்று அவனைக் கோட்டோரத்தில் நிறுத்திவிட்டார்கள். மூன்று வருடமாக ஓடுகிறான், நிற்கிறான், ஓடுகிறான். தோளுக்குப் பின்னால் பார்க்க அங்கே கோடுதான் இருக்கிறது.

உங்களில் யாராவது இந்தப் பையனையோ, இவனைப் போல வேறு யாரையோ சின்ன வயதில் நேரில் பார்த்திருந்தால் எழுதுங்களேன்.

ராக்வில் தாத்தா:

தம்பி, நீங்கள் முந்தியதாகச் சொல்கிற அந்தச் சாதனையை அடூ படைத்த நாளில் நான் மைதானத்தில் இருந்தேன். 2004 ஏப்ரல் 3, வாஷிங்டனில் ஆர்எஃப்கே மைதானம். வியாசர்பாடியில் வெறுங்காலோடு ஆடி வளர்ந்தவன் நான். இந்த ஊரில் கால்பந்துக்கு அவ்வளவு கூட்டம் கூடும் என்று நினைத்ததே இல்லை. அங்கே ஒரு பக்கத்து வரிசைகள் இரும்புச் சட்டத்தின் மேல் நின்றவை. ரசிகர்கள் குதித்தால் மேடையே துள்ளும். கையில் இருந்த காபி பாதி என் கால்சட்டையில்.

அடூ கானாவில் டெமா என்ற ஊரில் பிறந்தவன். கிரீன் கார்டு லாட்டரியில் விழுந்து குடும்பம் மேரிலாந்துக்கு வந்தது. எங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரம்தான். லாட்டரி என்றதும் எங்கள் தெருவில் இருந்த எல்லாருக்கும் அவன் மேல் ஒரு பாசம். வாஷிங்டன் அணிக்காக இரண்டாம் பாதியில் சான் ஹோசேக்கு எதிராக இறங்கினான். இரண்டு வாரம் கழித்து மெட்ரோஸ்டார்ஸ் அணிக்கு எதிராக முதல் கோலும் போட்டுவிட்டான்.

அந்த வயதிலேயே லீகில் அதிகச் சம்பளம் அவனுக்குத்தான். நைக்கி ஒப்பந்தம் பத்து லட்சம் டாலர். பெலேவோடு விளம்பரம். அந்த வருடம் மொத்தம் 30 ஆட்டம், 5 கோல். இன்றைக்கு நினைத்தால் 14 வயதுப் பையனுக்கு அது மோசமா? ஆனால் சுவரொட்டியில் இருந்த பையன் வேறு, புல்லில் இருந்த பையன் வேறு. பல நாள் அவனை ஓரத்தில்தான் ஆட வைத்தார்கள். உங்கள் மகனைப் போலவே. அவன் முணுமுணுத்ததும் பயிற்சியாளர் நோவாக் கடிந்துகொண்டதும் பேப்பரில் வந்தது.

எல்லாரும் அடூ திமிரால் கெட்டான், சோம்பலால் கெட்டான் என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். அன்றைக்கு லீகில் இருந்ததே 10 அணி. 2005 வரை இரண்டாம் அணிகள் ஆடுகிற ரிசர்வ் லீக் என்ற ஒன்றே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தப்புப் பண்ணிவிட்டு, புதன்கிழமை யாரும் பார்க்காத இடத்தில் அதைத் திருத்திக்கொள்ள அவனுக்கு ஒரு புல்தரை இல்லை. ஆடினால் முப்பது வயதுக்காரர்களோடு, தொலைக்காட்சி முன்னால். இல்லாவிட்டால் பெஞ்சு.

பிறகு பென்ஃபிகா, மொனாக்கோ, கிரீஸ், துருக்கி என்று சுற்றினான். ஒன்று சொல்கிறேன், நிறையப் பேருக்கு மறந்திருக்கும். 2011 ஆகஸ்டில் 22 வயதில் அவன் வந்து சேர்ந்தது ஃபிலடெல்ஃபியா யூனியனுக்கு. நீங்கள் போன அதே செஸ்டர் மைதானம், அதே நோவாக் பயிற்சியாளர். என் மகன் காரில் கூட்டிப் போனான். பந்து காலில் ஒட்டுவது அப்படியேதான் இருந்தது. சுற்றி இருந்தவர்கள் "பாவம், வயசாகிவிட்டது" என்கிற மாதிரி பேசினார்கள். 22 வயதுப் பையனை!

எடிசன் அம்மா:

அண்ணா, எனக்கு உங்கள் பதிவில் பிடித்த வரி "செப்டம்பர் 28". சிரிக்காதீர்கள். என் மகள் நவம்பர் 19.

இங்கே 2016-17 வாக்கில் பள்ளி ஆண்டுக் கணக்கை விட்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை என்று வயதுப் பிரிவை மாற்றினார்கள். ஜனவரியில் பிறந்த குழந்தையும் என் மகளும் ஒரே அணி ஆனார்கள். பத்து வயதில் அந்தப் பத்து மாதம் என்பது ஒரு தலை உயரம். அணிக்கு ஆள் எடுக்கும் டிரையவுட் அன்று பயிற்சியாளர்கள் கையில் அட்டையோடு நிற்பார்கள். அவர்கள் கண்ணுக்கு முதலில் தெரிவது யார், சொல்லுங்கள்? மூன்று முறை பி அணி. நான் காரில் அழுதேன், அவள் அழவில்லை, சிப்ஸ் கேட்டாள்.

ஆனால் உயரம் இல்லாத பிள்ளைக்கு வேறு வழியே கிடையாது, யோசித்தே ஆக வேண்டும். மோதினால் விழுவாள் என்பதால் மோதல் வருமுன்னே பந்தை விட்டுவிடக் கற்றுக்கொண்டாள். பெரிய பிள்ளைகள் 12 வயது வரை ஓடியே ஜெயித்துவிடுகிறார்கள், பிறகு எல்லாரும் அதே வேகத்துக்கு வந்ததும் திணறுகிறார்கள். சல்லிவனும் வருடக் கடைசியில் பிறந்தவன் என்று படித்ததும் காலண்டரை எடுத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அதற்காக நவம்பரில் பிறந்த எல்லாரும் பிளேமேக்கர் ஆகிவிட மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும்.

ஹாம் நகரத்தான்:

வணக்கம் அண்ணை. நான் ஜெர்மனியில், ஹாம் நகரில் இருக்கிறேன். கோயில் பார்க்க வந்தவர்களுக்கு எங்கள் ஊர் தெரியும். டோர்ட்முண்ட் ரயிலில் அரை மணித்தியாலம் கூட இல்லை.

டோர்ட்முண்ட் அணியில் நாங்கள் பார்த்த அமெரிக்கப் பெடியன் ஜியோ ரெய்னா. தகப்பன் கிளாடியோ அமெரிக்க அணியின் கேப்டன், தாயும் அமெரிக்க மகளிர் அணியில் ஆடியவர். தகப்பன் சண்டர்லாண்டில் ஆடிய காலத்தில் அங்கேயே பிறந்த பிள்ளை. ஜியோவன்னி என்ற பெயர் கூட தகப்பனின் கூட்டாளி வான் பிரொங்க்ஹோர்ஸ்டின் பெயர். நியூயார்க் சிட்டி அகாடமியில் இருந்து 16 வயதில் இங்கே வந்தது போர்த்துக்கல் பாஸ்போர்ட்டில், அப்பம்மா வழியாக. அவருக்கு முன்னம் வந்த இன்னொரு அமெரிக்கப் பெடியன் புலிசிச்சுக்குத் தாத்தா வழியாகக் குரோஷியப் பாஸ்போர்ட். சல்லிவனின் அம்மம்மாவைப் பற்றி நீங்கள் எழுதினதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு. நாலு நாட்டில் சொந்தக்காரர் இருக்கிற எங்கட ஆக்களுக்கு இந்தக் கணக்கு நல்லா விளங்கும்.

2020 பெப்ரவரி 4, பிரேமனில் ஜெர்மன் கோப்பை ஆட்டம். வீட்டில் மச்சானோடு தொலைக்காட்சியில் பார்த்தேன். 17 வயசுப் பெடியன் பந்தை வளைத்து மேல் மூலைக்குள் போட்டார். டோர்ட்முண்ட் 3-2 என்று தோற்றது, ஆனாலும் மச்சான் எழும்பி நின்று கைதட்டினான். அவ்வளவு வடிவான கோல்.

அதற்குப் பிறகுதான் வயிற்றைக் கலக்குகிற கதை. 2021 செப்டம்பரில் தொடைத் தசை பிடித்தது. வருவார், பத்து நிமிடம் ஆடுவார், கையை உயர்த்திக்கொண்டு வெளியே போவார். மைதானத்தில் என் பக்கத்தில் இருந்த வயதான ஜெர்மன்காரர் ஒருவர் ரெய்னா வேகமாக ஓடத் தொடங்கினாலே கண்ணை மூடிக்கொள்வார். 2024 தொடக்கத்தில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குக் கடனாகப் போனார், 2025-ல் இன்னொரு ஜெர்மன் அணியான கிளாட்பாக் வாங்கியது. அவர் ஆட்டத்தை வாசிக்கிற விதத்தில் ஒரு குறையும் இல்லை. உதைபந்தாட்டத்தில் மூளை 17 வயதில் தயாராகலாம், தொடைத் தசை ஆகாது. உங்கள் சல்லிவனை மெல்ல மெல்ல இறக்குகிறார்கள் என்றால் விடுங்கோ.

எக்ஸ்டன்வாசி:

எல்லாருக்கும் நன்றி. தாத்தா, நீங்கள் சொன்ன "புதன்கிழமை யாரும் பார்க்காத இடம்" என்னை விடவே இல்லை. அது இப்போது இருக்கிறது. யூனியனின் இரண்டாம் அணி 2022-ல் தொடங்கிய எம்எல்எஸ் நெக்ஸ்ட் ப்ரோ லீகில் ஆடுகிறது. சல்லிவன் முதல் அணிக்கு வருமுன் அங்கேதான் ஆடினான். வந்த பிறகும் அங்கே போய்வந்தான். அண்ணன்மாரிடம் இடி வாங்கலாம், பாஸைத் தப்பாகக் கொடுக்கலாம், அடுத்த நாள் அதே அகாடமிப் பள்ளியில் வகுப்புக்குப் போகலாம். பக்கத்து மாநிலத்து பிரெண்டன் ஆரன்சன் இதே வழியில் வளர்ந்துதான் 2021 ஜனவரியில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் அணிக்குப் போனார்.

2025-ல் லீக் ஆட்டங்களில் முதலிடம் பிடிக்கும் அணிக்குத் தரும் சப்போர்ட்டர்ஸ் ஷீல்டை யூனியன் வென்றது. ஜெயிக்கிற அணியில் 15 வயதுப் பையனுக்கு நிமிடம் கிடைப்பது கஷ்டம். எங்கள் வாட்ஸாப் குழுவில் தினமும் சண்டை, "ஏன் இறக்க மாட்டேன் என்கிறான்" என்று. அதில் உரக்கக் கத்தியவன் நான்தான். ஹாம் தம்பி எழுதியதைப் படித்த பிறகு கொஞ்சம் அடங்கியிருக்கிறேன்.

எடிசன் தங்கச்சி, மகளிடம் சொல்லுங்கள், பி அணியில் நடுக்களம் கிடைத்தால் ஏ அணியின் ஓரத்தைவிட அது மேல் என்று என் மகன் சொல்கிறான். அவனே போய்க் கேட்டுக் கீழ் அணிக்கு மாறிவிட்டான். கட்டணம் மட்டும் குறையவில்லை.

இப்போது தினமும் சாயங்காலம் கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பயிற்சி. அவன் தங்கை முன்னால் நின்று பந்தை உதைப்பாள். நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்ட வேண்டும். பந்து காலுக்கு வருமுன் அவன் திரும்பிப் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும். நேற்று மூன்று விரல் காட்டினேன். "மூணு" என்று கத்திக்கொண்டே பந்தை வாங்கித் திரும்பினான், திரும்பின வேகத்தில் பந்து நேராகப் பக்கத்து வீட்டு ரோஜாச் செடிக்குள் போய்விட்டது. எண் சரி.