அடிவாரம் நண்பர்கள்: வீட்டு சர்வர் வெளியே திறக்கல

கார்த்தி (ஏற்காடு), 9:12
பழைய லேப்டாப்ல உபுண்டு சர்வர், பக்கத்தை அனுப்புற எஞ்சின்எக்ஸ் (nginx) போட்டாச்சு. வீட்டுல 192.168.1.20ன்னு அடிச்சா பக்கம் வருது. ரவுட்டர்ல வெப் போர்ட் 80, 443 ரெண்டையும் லேப்டாப்புக்கு ஃபார்வர்ட் பண்ணியிருக்கு. டொமைன் பேரை அடிச்சா மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு. ஏன்?

நிர்மலா அக்கா, 9:15
மொபைல் டேட்டாலயா பாத்த, வைஃபைலயா?

கார்த்தி, 9:15
வைஃபைலதான்க்கா

நிர்மலா அக்கா, 9:18
அதை வச்சு முடிவு பண்ணாத தம்பி. வீட்டுக்குள்ள இருந்து வெளி ஐபியைத் தேடிப் போற பாக்கெட், ரவுட்டர் வாசல் வரைக்கும் போய் அப்படியே உள்ள திரும்பணும். அதுக்குப் பேரே ஹேர்பின் நாட் (நாட், NAT-ன்னா பல மெஷினை ஒரே வெளி ஐபிக்குப் பின்னாடி வச்சு முகவரியை மாத்தி அனுப்புறது). உங்க மலை ரோட்டு கொண்டை ஊசி வளைவேதான். நிறைய ரவுட்டருக்கு அந்தத் திருப்பம் வராது. வைஃபையை அணைச்சுட்டுப் பாரு.

கார்த்தி, 9:21
டேட்டாலயும் வரல

சரவணன் மாமா, 9:24
ரவுட்டர் செட்டிங்ஸ் பக்கத்துல ‘வான் ஐபி’ன்னு (WAN, வெளிப்பக்க முகவரி) இருக்கும். முதல் ரெண்டு எண் மட்டும் சொல்லு. முழுசா குரூப்ல போடாத.

கார்த்தி, 9:26
100.72

சரவணன் மாமா, 9:31
அதான் விஷயம். 100.64ல இருந்து 100.127 வரைக்கும் கேரியர் நாட் (நெட் கம்பெனியே பண்ற NAT) வேலைக்குன்னே 2012ல ஒதுக்கின முகவரி. உங்க வீடு, பக்கத்து வீடு, எதிர் எஸ்டேட் எல்லாம் ஒரே வெளி ஐபிக்குப் பின்னாடி நிக்குது. உள்ள இருந்து போனா பதில் திரும்பி வரும். வெளில இருந்து புதுசா ஒருத்தர் கதவு தட்டினா, எந்த வீட்டுக்குன்னு நெட் கம்பெனி பெட்டிக்குத் தெரியாது. நீ ஃபார்வர்ட் பண்ணினது உன் ரவுட்டர்ல. பாக்கெட் அங்க வந்தே சேரல.
192.168ன்னு வந்திருந்தா வேற கதை. ஃபைபர் பெட்டி, சொந்த ரவுட்டர் ரெண்டும் நாட் பண்ணுதுன்னு அர்த்தம். பெட்டியை பிரிட்ஜ் மோடுல (நாட் பண்ணாம அப்படியே கடத்துறது) போட்டுப் பார்க்கலாம்.

கார்த்தி, 9:33
அப்ப என்ன வழி மாமா?

நிர்மலா அக்கா, 9:40
மாசம் கூடக் காசு குடுத்து நெட் கம்பெனிகிட்ட ஸ்டாட்டிக் ஐபி (மாறாத சொந்த வெளி ஐபி) கேக்கலாம், குடுத்தா சுலபம். ஐபிவி6 (புது வகை ஐபி முகவரி) வருதுன்னா அதுலயே நேரா திறக்கலாம், ஆனா பாக்கிறவங்க லைன்லயும் ஐபிவி6 இருக்கணும். பாக்கப் போறது எட்டுப் பேருன்னா டெயில்ஸ்கேல் (தனி நெட்வொர்க் போட்டுத் தர்ற ஆப்) போதும், ஆளாளுக்கு ஆப் போடணும்.
ஆப் போடச் சொன்னா பாதிப் பேர் போட மாட்டாங்க. அதனால நான் சொல்றது: 512 எம்பி மெமரில சின்ன விபிஎஸ் (வெளி ஐபியோட வர்ற வாடகை சர்வர்) ஒண்ணு எடு. அதுக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல வயர்கார்ட் டனல் (பூட்டின தனிப்பாதை). விபிஎஸ்ல யூடிபி 51820 திறந்திருக்கணும். அங்க 10.0.0.1, உன்கிட்ட 10.0.0.2. டொமைனை விபிஎஸ் ஐபிக்கு மாத்து. அங்கயும் ஒரு எஞ்சின்எக்ஸ் போடு, வர்றவங்க கேக்கிறதை அது வாங்கி 10.0.0.2க்கு அனுப்பும். வீட்டு ரவுட்டர்ல ஒரு போர்ட்டும் திறக்க வேண்டாம். போட்ட ஃபார்வர்டை எடுத்துடு.

சரவணன் மாமா, 9:43
லேப்டாப் பக்கம் வயர்கார்ட்ல பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ் 25 செகண்டு வை, அப்பப்ப ஒரு சின்ன பாக்கெட் போய்க்கிட்டே இருக்கும். இல்லாட்டி கொஞ்ச நேரம் சும்மா இருந்தாலே அந்த நாட் பெட்டி டனலை மறந்துடும். நீ தொட்டா வேலை செய்யும், ராத்திரி யாராவது திறந்தா வராது. காரணமே புரியாம அலைவ.

நிர்மலா அக்கா, 9:49
மூணு இடத்துல மாட்டுவ, இப்பவே சொல்லிடறேன்.
எஞ்சின்எக்ஸ் சும்மா விட்டா 1 எம்பிக்கு மேல அப்லோட் வாங்காது, 413ன்னு பிழை காட்டித் திருப்பும். ‘கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸ்’ 20 எம்பி வை. விபிஎஸ்லயும் லேப்டாப்லயும்.
எழுத்துப் பக்கம் வருது, போட்டோ பாதில நிக்குதுன்னா எம்டியு (ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச பைட் அளவு). வயர்கார்ட் 1420 எடுத்துக்கும். டனல் ஐபிவி6 மேல போனா அதோட தலைப்பு 80 பைட் சேர்ந்து 1500. பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்ட் போட்டுச் சேர்ற வகை) லைன் தாங்குறது 1492தான். 1412க்கு இறக்கு.
https பூட்டுக்கு செர்ட்பாட் புரோகிராம் வாங்குற சர்டிபிகேட் 90 நாளைக்குத்தான். விபிஎஸ்ல 443 வந்தாச்சேன்னு 80ஐ மூடினா புதுப்பிக்கிறப்ப தோத்துடும். முதல்ல ஸ்டேஜிங்ல (ஒத்திகை சர்வர்) சோதிச்சுக்கோ. நிஜத்துல ஒரே பேருக்கு வாரத்துக்கு 5 தடவைதான் சர்டிபிகேட் தருவாங்க.

செல்வி (ஃபேர்லேண்ட்ஸ்), 9:52
மலையில கரண்ட் போனா?

சரவணன் மாமா, 9:58
லேப்டாப்புக்கு அதோட பேட்டரியே யுபிஎஸ். ஆனா ஃபைபர் பெட்டி செத்தா லைன் போச்சு. அதுக்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ். அடாப்டர்ல 12 வோல்ட் 1.5 ஆம்பியர்னு இருந்தா அதுக்குக் குறையாம வாங்கு, 9 வோல்ட் முனையைச் சொருகிடாத. சித்திரை மாச இடிக்கு பவர் லைன் வழியாதான் ஆபத்து, ஃபைபர்ல வராது. எர்த் சரியா இல்லாத வீட்டுல சர்ஜ் ப்ளக் போட்டும் பிரயோஜனம் இல்ல. பேக்கப் டிஸ்கை எப்பவும் சொருகியே வைக்காத, இடி ரெண்டையும் சேர்த்து அடிக்கும். எடுத்து முடிச்சதும் கழட்டி, மாசம் ஒரு காப்பி கீழ சேலத்துக்குக் குடுத்தனுப்பு.

நிர்மலா அக்கா, 10:01
விபிஎஸ்ல எஸ்எஸ்எச் (தூரத்துல இருந்து சர்வருக்குள்ள போற வழி) பாஸ்வேர்ட் லாகின் இன்னைக்கே அணை, சாவி ஃபைல் மட்டும். போட்டோவை 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைச்சு ஏத்து. 20 எம்பிபிஎஸ் அப்லோட்னா செகண்டுக்கு 2.5 எம்பி. 5 எம்பி படம் ஒண்ணுக்கே 2 செகண்டு போகும்.

கார்த்தி, 12:47
வயர்கார்ட்ல ‘லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக் 12 செகண்டு முன்னாடி’ன்னு காட்டுது. யாராச்சும் திறந்து பாருங்க

செல்வி, 12:49
வருது! பகோடா பாயின்ட் படம் வரைக்கும் வந்துடுச்சு. பிரவுசர்ல https பூட்டும் இருக்கு

நிர்மலா அக்கா, 12:50
இப்ப லேப்டாப் மூடியைச் சாத்து

கார்த்தி, 12:52
சாத்தினதும் போயிடுச்சு

நிர்மலா அக்கா, 12:53
மூடினா லேப்டாப் தூங்கிடுது. லாகின்டி கான்ஃபிக்ல (logind.conf) ‘ஹேண்டில் லிட் சுவிட்ச்’ (HandleLidSwitch) வரிக்கு முன்னாடி இருக்கிற # குறியை எடுத்துட்டு ‘இக்னோர்’னு போடு. ரீபூட் பண்ணிட்டு மறுபடி சாத்து.