ஜெராக்ஸ்னு சொன்னா என்ன தப்பு?

கறார் பேர்வழி: எந்த மெஷின்ல நகல் எடுத்தாலும் ஜெராக்ஸ், எந்த வண்டி மண்ணு அள்ளினாலும் ஜேசிபி. ஜெராக்ஸ்ங்கறது ஒரு கம்பெனி பேருங்க, 1959ல 914னு ஒரு மெஷின் விட்டாங்க, பிச்சுகிட்டு போச்சு, அதுக்காக உலகத்துல இருக்கற நகலுக்கெல்லாம் அவங்க பேரா? நகல்னு சொன்னா வாய் வலிக்குமா?

சும்மா ஒருத்தன்: எஸ்கலேட்டர் கூட ஓட்டிஸ் கம்பெனி டிரேட்மார்க்தான் பாஸ், 1950ல அமெரிக்காவுல அந்த உரிமை போயிடுச்சு. நீங்க நகரும் படிக்கட்டு எங்கன்னு விசாரிச்சுட்டு வாங்க, நான் மேல போய் வெயிட் பண்றேன்.

டயர் வண்டி: ஃபீல்டுல இருக்கறவன் சொல்றேன். ஜேசிபின்னா முன்னாடி பக்கெட், பின்னாடி கை, டயர்ல ஓடும். ஹிட்டாச்சின்னா செயின் வண்டி. ரெண்டும் யாருக்கும் குழம்பாது. ஜேசிபிக்கு பொதுப்பேரு பேக்ஹோ லோடர், அத அனுப்புன்னு போன்ல சொல்லிப் பாருங்க, என்ன லோடுண்ணேன்னு கேப்பான்.

கறார் பேர்வழி: ஜேசிபி கம்பெனியே செயின் வண்டியும் செய்யுதே, அத என்னன்னு கூப்பிடுவீங்க?

டயர் வண்டி: ஹிட்டாச்சிதான் 😂

மருந்துச்சீட்டு: வண்டிய விடுங்க, மாத்திரைக்கு வாங்க. தலைவலிக்கு குரோசின், ராத்திரி ஜுரம் அடிச்சா டோலோன்னு வேற வேற மருந்து மாதிரி போட்டுக்கறாங்க, ரெண்டுலயும் பாரசிட்டமால்தான் இருக்கு. டோலோ 650ன்னா ஒரு மாத்திரையிலயே 650 மில்லிகிராம். பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம் தாண்டக்கூடாது, தாண்டினா ஈரல் அடிவாங்கும். பேருதானேன்னு இங்க சொல்ல முடியாது.

கறார் பேர்வழி: அப்படிப் போடுங்க!

சும்மா ஒருத்தன்: இருங்க இருங்க, அது ஒரே மருந்துக்கு ஆளாளுக்கு ஒரு பேரு வச்சதால வர்ற வினை. ஆஸ்பிரின் 1899ல பேயர் கம்பெனி பதிஞ்ச பேரு, இப்ப அமெரிக்காவுல யாரு செஞ்சாலும் ஆஸ்பிரின்தான், குழப்பமே இல்ல. பொதுப்பேரா ஆனதாலதான் அங்க தெளிவு. உண்மையில ஆள சுத்தவிடறது இன்டர்நெட் மொத்தத்தையும் வைஃபைன்னு சொல்றதுதான், சிக்னல் ஃபுல்லா காட்டும், ரௌட்டருக்கு வர்ற லைன் செத்துக் கிடக்கும், ஆனா "வைஃபை வரல"ன்னு ரௌட்டரயே ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டு இருப்பாங்க.

கறார் பேர்வழி: அதெல்லாம் சரி, காசு கொட்டி வளர்த்த பேர ஊரே பறிச்சுக்கறது எந்த ஊர் நியாயம்? உங்க பேர எவனாவது வச்சுகிட்டா சும்மா இருப்பீங்களா?

சும்மா ஒருத்தன்: என் பேரே அதானே.

மருந்துச்சீட்டு: நீங்க அடிச்சுக்கோங்க. மத்தவங்க மாத்திரை அட்டைய திருப்பி உள்ள என்ன மருந்துன்னு படிச்சுட்டு போடுங்க.