பாட்டி பிறந்தது டிக்கோயா, பையன் பிறந்தது கூடலூர், ஆடுவது சிட்னியில்: எந்த நாட்டு அணிக்கு ஆடலாம்?

பந்தலூர் ஜெராக்ஸ் கடை:

எல்லாருக்கும் வணக்கம். பந்தலூர் பஜார்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ரக்பி விதிமுறை தெரிஞ்சவங்க இருந்தா கொஞ்சம் சொல்லுங்க.

என் அக்கா மகனுக்கு 17 வயசு. கூடலூர்ல பிறந்தவன். 2016ல அக்கா குடும்பம் சிட்னிக்குப் போச்சு, பிளாக்டவுன் பக்கம் வீடு. போன புதுசுல கிரிக்கெட்தான் ஆடினான். பக்கத்து வீட்டு சமோவாப் பசங்க இழுத்துட்டுப் போய் ரக்பி லீக்ல விட்டுட்டாங்க. இப்ப உள்ளூர் கிளப்ல ஹூக்கர், அதாவது தரையில இருந்து பந்தை எடுத்து முதல் ஆளா வீசற இடம். குட்டை ஆளு. ஆனா குனிஞ்சு முழங்காலுக்குக் கீழ கட்டிப்பிடிச்சான்னா நூறு கிலோ பையனும் சாய்வான். விழுந்தவன் எழுந்து பந்தைக் காலால பின்னாடி தள்ளின உடனே, இவன் நிமிராமலே தரையில இருந்து அப்படியே எடுத்து பத்து மீட்டர் தள்ளி நிக்கிறவன் நெஞ்சுக்கு வீசுவான். அந்த ஒரு வீச்சைத்தான் நான் வீடியோவுல திரும்பத் திரும்பப் பார்ப்பேன்.

அவன் கிளப்புல பசங்க பேச்செல்லாம் டோங்கா, சமோவா, லெபனான்தான். ஒவ்வொருத்தனுக்கும் தாத்தா பாட்டி வழியில ஒரு நாடு இருக்கு. "நீ எந்த நாட்டுக்கு ஆடுவே?"ன்னு இவனைக் கேட்டிருக்காங்க. இவன் என்னைக் கேக்குறான்.

எங்க கதை இது. எங்க அம்மா, அதாவது அவனோட அம்மாச்சி, 1946ல இலங்கை டிக்கோயாவுல ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல பிறந்தவங்க. அவங்க அப்பா துறையூர்ப் பக்கத்துல இருந்து கங்காணி கூட்டிட்டுப் போன ஆளு. 1948ல வந்த சிலோன் குடியுரிமைச் சட்டம், அங்க பிறந்தா மட்டும் போதாது, அப்பாவும் அங்க பிறந்திருக்கணும், இல்லேன்னா அப்பா வழித் தாத்தாவும் பூட்டனும் பிறந்திருக்கணும்னு சொல்லிருச்சு. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துல 5,25,000 பேரை இந்தியாவுக்குன்னு பிரிச்சு எழுதினாங்களே, அதுல எங்க குடும்பமும் உண்டு. தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் கேம்ப், அப்புறம் சேரம்பாடியில டேன்டீங்கற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டம். அக்காவும் நானும் சேரம்பாடியில பிறந்தவங்க. அம்மா ஓய்வு பெறுற வரைக்கும் கொழுந்து பறிச்சாங்க, நல்லா இருக்காங்க.

அக்கா வீட்டுல எல்லாரும் இப்ப ஆஸ்திரேலியக் குடியுரிமை வாங்கிட்டாங்க. இந்தப் பையனுக்கு எந்தெந்த நாட்டுக் கதவு திறந்திருக்கு? சின்ன நாட்டுக்கு ஒரு தடவை ஆடிட்டா ஆஸ்திரேலியா கதவு மூடிருமா? அம்மாச்சி வழியா இலங்கைன்னு சொன்னா என்ன காகிதம் காட்டணும்?

குன்னூர் பி.டி. மாஸ்டர்:

தம்பி, நான் பள்ளிக்கூடத்துல ரக்பி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். நிதானமா எழுதறேன், பையனுக்குப் படிச்சுக் காட்டுங்க.

முதல்ல ஒண்ணைப் பிரிச்சுக்கணும். அவன் ஆடறது ரக்பி லீக், 13 பேர். 1895ல வட இங்கிலாந்து கிளப்புகள் ஹடர்ஸ்ஃபீல்டுல கூடிப் பிரிஞ்சதுல வந்த ஆட்டம். நம்ம ஊர்லயும் இலங்கையிலும் ரக்பின்னா அது 15 பேர் ஆடற யூனியன், இல்லேன்னா 7 பேர் ஆட்டம். ரெண்டுக்கும் உலக அமைப்பு வேற, விதிப்புத்தகம் வேற. ஆனா நுழைவு வழி கிட்டத்தட்ட ஒண்ணுதான்: அந்த நாட்டுல பிறந்திருக்கணும், அல்லது அப்பா அம்மா தாத்தா பாட்டியில ஒருத்தர் பிறந்திருக்கணும், அல்லது தொடர்ந்து 5 வருஷம் அங்கேயே குடியிருந்திருக்கணும். பாஸ்போர்ட் எந்த நிறம்னு ரக்பி விதி கேக்கறதில்லை. ஃபுட்பாலுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இதுதான்.

அப்படிப் பார்த்தா உங்க பையனுக்கு மூணு நாடு. பிறப்பால இந்தியா, அம்மாச்சியால இலங்கை, குடியிருப்பால ஆஸ்திரேலியா.

லீக்ல ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, நியூசிலாந்து மூணும் முதல் அடுக்கு. இதுல ஒண்ணுக்கு ஆடினவர் இன்னொண்ணுக்குத் தாவக்கூடாதுங்கறது நெடுநாள் விதி. ஆனா முதல் அடுக்குக்கும் மத்த நாடுகளுக்கும் நடுவுல போய் வரலாம். ஒரே போட்டித்தொடருக்குள்ள மாறக்கூடாது, அவ்வளவுதான். ஜேம்ஸ் டெடெஸ்கோவைப் பாருங்க. 2013 உலகக் கோப்பையில இத்தாலிக்கு ஆடினார். பின்னால ஆஸ்திரேலியாவுக்கே கேப்டனாகி, 2022ல நடந்த உலகக் கோப்பையை ஜெயிச்சார். அதனால சின்ன நாட்டுக்கு ஆடினா ஆஸ்திரேலியா கதவு மூடாது.

ஸ்டேட் ஆஃப் ஒரிஜின், அதாவது நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் வருஷா வருஷம் மோதற லீக் தொடர், அதைப் பத்தியும் பையன் கேப்பான். 13 வயசுக்கு முன்னாடியே நியூ சவுத் வேல்ஸ்ல குடியேறிட்டதால அந்தப் பக்கம் அவனுக்குச் சிக்கல் இல்லை. அவன் ஊர்ப்பக்கத்துக்காரங்களான மவுண்ட் ட்ரூயிட் ஜரோம் லுவாய், பிரையன் டோஓ ரெண்டு பேரும் 2022ல ஒரிஜின்ல நியூ சவுத் வேல்ஸ், வருஷக் கடைசியில உலகக் கோப்பைல சமோவான்னு ரெண்டு ஜெர்சியும் போட்டாங்க.

யூனியன் பக்கம் போனா கொஞ்சம் கெடுபிடி. அங்க சீனியர் தேசிய அணிக்கு ஒரு தடவை ஆடிட்டா அந்த நாட்டோட கட்டு. 2022 ஜனவரியில இருந்துதான் தளர்த்தியிருக்காங்க: மூணு வருஷம் எந்த நாட்டுக்கும் ஆடாம இருந்தா, தான் பிறந்த நாட்டுக்கோ, பெற்றோர், தாத்தா பாட்டி பிறந்த நாட்டுக்கோ ஒரே ஒரு தடவை மாறலாம்.

இந்தியா விஷயம் மனசுக்குக் கஷ்டமானது. ரக்பி விதி அவனை ஏத்துக்கும், அரசாங்கம் ஏத்துக்காது. 2008ல இருந்து இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவங்கதான் எந்த விளையாட்டுலயும் தேசிய அணிக்கு ஆடலாம், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளிக்குக் கொடுக்கற ஓ.சி.ஐ. அட்டை போதாது. ஃபுட்பால்ல அராட்டா இசுமி ஜப்பான் பாஸ்போர்ட்டை விட்டுட்டுத்தான் இந்தியாவுக்கு ஆடினார். 2025ல ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டார். 17 வயசுப் பையன் ஒரு ஆட்டத்துக்காக அதைச் செய்யணும்னு நான் சொல்லமாட்டேன்.

கோத்தகிரி வாசகன்:

மாஸ்டர் விதியைச் சரியாகச் சொல்லிவிட்டார். ஆனால் விதி அனுமதிப்பதெல்லாம் நியாயமாகிவிடுமா என்று கேட்கிறேன், யாரும் தப்பாக எடுக்க வேண்டாம். அந்தப் பையன் இலங்கையில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. கண்டியிலோ கொழும்பிலோ மழையிலும் வெயிலிலும் பயிற்சி செய்கிற பையன் ஒருவன், சிட்னி மைதானத்தில் வளர்ந்தவனுக்கு இடம் விட்டு வெளியே உட்கார வேண்டும். லீக்கில் இத்தாலி, லெபனான் அணிகளில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர்கள். அதனால் அந்த நாட்டுப் பள்ளிக்கூடங்களில் ஆட்டம் வளர்ந்ததா? 2000இல் வேல்ஸ் யூனியன் அணியில் ஷேன் ஹாவர்த் என்ன ஆனார் என்று தேடிப் பாருங்கள். நியூசிலாந்துக்கே ஆடியவர், வேல்ஸில் தாத்தா என்று சொல்லி ஆடினார், கடைசியில் தாத்தா அங்கே பிறந்ததாகக் காட்ட முடியவில்லை. தேசிய ஜெர்சி வாழ்ந்த மண்ணுக்கு உரியது என்பது என் கருத்து.

பந்தலூர் ஜெராக்ஸ் கடை:

மாஸ்டருக்கு ரொம்ப நன்றி. அக்காவுக்கு அப்படியே அனுப்பிட்டேன்.

கோத்தகிரி அண்ணே, நீங்க கேட்டது நியாயமான கேள்வி. உள்ளூர்ப் பையன் இடம் போகக்கூடாதுங்கறதுல எனக்கும் அக்கறை உண்டு. ஆனா 'வாழ்ந்த மண்'ணுங்கற அளவுகோலை எங்ககிட்ட வைக்காதீங்க. எங்க அம்மா 26 வயசு வரைக்கும் வாழ்ந்த மண்ணு டிக்கோயா. அவங்க அப்பா அந்தத் தோட்டத்துல வேலை பார்த்தே செத்தவரு. அப்பவும் அவங்களை அந்த நாட்டு ஆளுன்னு சட்டம் சொல்லலை. இங்க வந்து அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, பஜார்ல இன்னும் 'சிலோன்காரங்க'ன்னுதான் பேரு. எங்க அம்மா பிறந்த இடத்தை அப்படியே ஏத்துக்கற ஒரே புத்தகமா இந்த ரக்பி விதிப்புத்தகத்தைப் பார்க்கறேன். அப்பன் எங்க பிறந்தான், பூட்டன் எங்க பிறந்தான்னு அது கேக்கலை. அவங்க பிறந்தாங்க, அது போதும்னு சொல்லுது. குடியுரிமைச் சட்டம் எழுதினவங்களுக்குத் தோணாதது விளையாட்டு விதி எழுதினவங்களுக்குத் தோணியிருக்கு.

டோங்கா நாட்டு ஜனத்தொகை ஒரு லட்சம் சொச்சம். நம்ம நீலகிரி ஜில்லாவுல ஏழுல ஒரு பங்கு. அங்கேயே பிறந்து வளர்ந்தவங்க மட்டும்தான்னு விதி இருந்திருந்தா 2017 லீக் உலகக் கோப்பையில டோங்கா செஞ்சது நடந்திருக்குமா? ஜேசன் டௌமலோலோ ஆக்லாந்துல பிறந்து நியூசிலாந்துக்கு ஆடிட்டிருந்தவர். அப்பா அம்மா நாட்டுக்கு ஆடறேன்னு போனார். ஆண்ட்ரூ ஃபிஃபிட்டா ஆஸ்திரேலியாவை விட்டுட்டு வந்தார். ஹாமில்டன்ல நியூசிலாந்தையே 28-22ன்னு ஜெயிச்சாங்க. 2019ல ஈடன் பார்க்ல ஆஸ்திரேலியாவை 16-12. அதுவரைக்கும் பெரிய நாட்டு அணி கூப்பிட்டா அந்தப் பக்கம் போறதுதான் வழக்கம். 2022ல சமோவா முதல் ஆட்டத்துல இங்கிலாந்துகிட்ட 60-6ன்னு வாங்கிக் கட்டிக்கிட்டு, அதே இங்கிலாந்தை அரையிறுதியில 27-26ன்னு சாய்ச்சாங்களே, கூடுதல் நேரத்துல சமோவாவோட கிரிக்டன் அடிச்ச ஒரு கோல்ல, அன்னைக்கு பிளாக்டவுன் தெருவுல கொடியோட கார் ஓடினதை பையன் வீடியோ எடுத்து அனுப்பினான். அந்தப் பசங்க யாரும் சமோவா மேல பாசம் குறைஞ்சவங்க கிடையாது.

நேத்து ராத்திரி அம்மாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். ரக்பின்னா தெரியலை. போன்ல பந்தைக் காட்டினேன். "இது கோழிமுட்டைப் பந்துல்ல? தரவளை மைதானத்துல துரைமாருங்க மழையில சேத்துல உருண்டு ஆடுவாங்களே, நாங்க கொழுந்து நிறுத்துட்டு வரும்போது வேலிப்பக்கம் நின்னு பார்ப்போம்"னு சொல்றாங்க. இத்தனை வருஷத்துல இந்தக் கதையை ஒரு நாளும் சொன்னதில்லை.

கூடலூர் அக்கா:

தம்பி, நாங்களும் உங்களை மாதிரி வந்தவங்கதான், எங்க வீடு ஹட்டன் பக்கம். காகிதத்தைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

மண்டபத்துல கொடுத்த குடும்ப அட்டை இருக்குமே, அதைப் பத்திரமா வச்சுக்கங்க, ஆனா அதை மட்டும் நம்பாதீங்க. அது நீங்க தாயகம் திரும்பியவங்கன்னு காட்டும். பிறந்த இடத்துக்கு இலங்கைப் பிறப்புச் சான்றிதழ்தான் முக்கியம். தோட்டத்துல பிறந்ததையும் பதிஞ்சிருப்பாங்க. அந்தப் பகுதிப் பிரதேச செயலகத்துல சான்றிதழ் நகல் கேட்டு விண்ணப்பிக்கணும். தோட்டத்துப் பேரு, டிவிஷன், அம்மாவோட அப்பா அம்மா பேரு, பிறந்த வருஷம் இதெல்லாம் கையில வேணும். சரியான தேதி தெரியலேன்னா ரெண்டு மூணு வருஷத்துக்குப் பதிவேட்டைத் தேடச் சொல்லி எழுதிக் கொடுங்க. அங்க சொந்தக்காரங்க யாராவது இன்னும் தோட்டத்துல இருந்தா அவங்க நேர்ல போறதுதான் சுலபம்.

அடுத்தது சங்கிலி. அம்மாச்சி சான்றிதழ்ல இருக்கற பேரும், உங்க அக்கா சான்றிதழ்ல தாய் பேருன்னு இருக்கறதும், பையன் சான்றிதழ்ல இருக்கறதும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தணும். நம்ம ஜனத்துக்கு ஒவ்வொரு காகிதத்துலயும் எழுத்து ஒரு மாதிரி இருக்கும். எங்க வீட்டுல ஒரு அலுவலகத்துல இதுக்காகவே மாசக்கணக்குல நடக்க விட்டாங்க. வக்கீல்கிட்ட பிரமாணப் பத்திரம் போட்டு இப்பவே சரி பண்ணிருங்க, அணியில இருந்து கூப்பிட்டப்புறம் ஓடாதீங்க.

குன்னூர் பி.டி. மாஸ்டர்:

கூடலூர் அம்மா சொன்னதுதான் சரி. காகிதத்துல ஒரு எழுத்துகூட நாமளா திருத்தக்கூடாது. 2023 யூனியன் உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற ஸ்பெயினை வெளியே அனுப்பினாங்க. ஒரே ஒரு ஆட்டக்காரர் அந்த நாட்டுல தங்கியிருந்த நாள் கணக்குக்காகக் கொடுத்த பாஸ்போர்ட் நகல்ல கை வச்சிருந்ததுதான் காரணம். பத்து புள்ளி போச்சு, ருமேனியா உள்ள வந்தது. மத்த ஆட்டக்காரங்க என்ன பாவம் செஞ்சாங்க?

இன்னொண்ணு தம்பி. இலங்கை லீக் உலகக் கோப்பையில இதுவரை ஆடினதில்லை, இந்தியாவும் ஆடினதில்லை. இலங்கைன்னு பையன் மனசுல நினைச்சா நடைமுறையில அது யூனியன், அல்லது ஏழு பேர் ஆட்டம். நீங்க சொன்ன அந்த தரையில இருந்து வீசற கை இருந்தா யூனியன்ல ஸ்க்ரம் ஹாஃப்னு சொல்ற, கீழ இருந்து பந்தை எடுத்து வீசற இடத்துக்குப் பழக்கலாம். ஆனா 15 பேர் ஆட்டத்துல ரக் (விழுந்த பந்து மேல ரெண்டு பக்கமும் நின்னு தள்றது), லைன் அவுட் (கோட்டுக்கு வெளிய போன பந்தை உள்ள எறிஞ்சு தாவிப் பிடிக்கறது) எல்லாம் புதுசாக் கத்துக்கணும், ஒரு சீசனாவது ஆகும். அதோட உலக விதி ஏத்துக்கிட்டாலும் அந்த நாட்டு அரசாங்கம் தனியா எதாவது கேக்கலாம், நம்ம நாடு கேக்கற மாதிரி. அதனால கொழும்புல இருக்கற ரக்பி சங்கத்துக்கு அக்காவை நேரடியா ஈமெயில் எழுதச் சொல்லுங்க: வயசு, ஆடற இடம், அம்மாச்சி பிறந்த தோட்டம், குடியுரிமை, நாலையும் போட்டு. சான்றிதழ் கையில வந்தப்புறம் எழுதினா இன்னும் நல்லது.

பந்தலூர் ஜெராக்ஸ் கடை:

சரிங்க மாஸ்டர். அம்மாவோட தம்பி மகன் இன்னும் டிக்கோயாவுலதான் இருக்கார், இன்னைக்கே போன் பண்ணிட்டேன். திங்கக்கிழமை பிரதேச செயலகத்துக்குப் போறேன்னு சொல்லியிருக்கார். கூடலூர் அக்கா, பிரமாணப் பத்திரத்துக்கு நீங்க போன வக்கீல் கூடலூர்லயா ஊட்டியிலயா? தனியா மெசேஜ் போடுங்க.