புதிய கெர்னலில் கணினி தொடங்கவில்லை: வழிகாட்டுங்கள்

வணக்கம். நேற்றிரவு கெர்னலை (இயங்குதளத்தின் மையக்கருவை) புதுப்பித்து மறுதொடக்கம் செய்ததிலிருந்து, என் லினக்ஸ் மடிக்கணினி, ரூட் (முதன்மை) கோப்பு முறைமையை ஏற்ற இயலவில்லை என்ற கெர்னல் பேனிக் (கெர்னல் மீள முடியாமல் நின்றுவிடும் பிழை) செய்தியோடு கறுப்புத் திரையில் நின்றுவிடுகிறது; கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னுகிறது. கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தால் எல்லாம் சரியாக இயங்குவதால், வட்டில் பழுதில்லை என்றே கருதுகிறேன்.

அவ்வழியே உள்ளே நுழைந்து பார்த்தபோது, தொடக்கக் கோப்புகள் இருக்கும், 512 எம்பி அளவுள்ள பூட் பகிர்வு முழுவதும் நிரம்பியிருந்தது. புதிய கெர்னலுக்குரிய இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு (தொடக்கத்தில் ரூட் கோப்பு முறைமையை ஏற்ற உதவுவது) அங்கே இல்லவே இல்லை. இடம் போதாமல்தான் அது உருவாகவில்லை போலும்.

இப்போது இயங்கும் கெர்னலைத் தொடாமல், அதற்கும் முந்தைய இரண்டை ஏபிடி என்ற மென்பொருள் நிறுவும் கருவி மூலம் நீக்கி, இனிட்ராம்எஃப்எஸ்ஸை மீண்டும் உருவாக்கினால் போதுமா, அல்லது பாதியில் நின்ற நிறுவலை முதலில் ஏபிடிக்கு அடிப்படையான டிபிகேஜி கருவியைக் கொண்டு முடிக்க வேண்டுமா? மகளின் ஆய்வேடு இதில்தான் இருக்கிறது. நகல் எடுத்துவிட்டேன் என்றாலும், தவறான வரிசையில் கை வைக்க அஞ்சுகிறேன். அனுபவமுள்ளவர்கள் அருள்கூர்ந்து சொல்லுங்கள்.