நத்தார்ப் பொதி குடுக்கேக்க படம் எடுத்து அனுப்பச் சொல்லுறான் தம்பி. என்ன செய்யலாம்?

மாங்குளத்து அக்கா:
வெளிநாட்டில இருக்கிற தம்பி இந்த முறை எங்கட கோயில் பங்கில கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு உலர் உணவுப் பொதி குடுக்கக் காசு அனுப்பப் போறான். மா, சீனி, பருப்பு, சமபோஷ சத்துமா, பிள்ளையளுக்குக் கொப்பி. சந்தோசம்தான். ஆனா கோயில் வாசல்ல பனர் கட்டி, பொதி வாங்கிற ஒவ்வொரு ஆளையும் படம் எடுக்கோணுமாம். போன வருசம் வேற ஒருத்தர் இப்பிடிக் குடுக்கேக்க ஓ.எல். படிக்கிற பெட்டை ஒண்டு துப்பட்டாவால முகத்தை மறைச்சுக்கொண்டு நிண்டது. அதுக்குப் பிறகு தாய்க்காரி அயலுக்க கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்துக்கே வாறேல்ல. தம்பிக்கும் மனம் நோகக்கூடாது. எப்பிடிச் சொல்லுறது?

வட்டக்கச்சியான்:
தங்கச்சி, நான் ஏழையளுக்கு உதவுற வின்சென்ட் டி போல் சபையில கனகாலம் இருக்கிற ஆள். 1833 இல பாரிசில ஒசானாம் எண்ட பெடியனும் கூடப் படிச்ச பெடியளும் தொடங்கினது. எங்கட கூட்டத்தில இரகசியப் பை எண்டு ஒண்டு சுத்திவரும். கையைப் பொத்திக்கொண்டு உள்ள விட்டு எடுக்கோணும். ஐயாயிரம் போட்டவரும் ஒண்டும் போடாதவரும் ஒரே மாதிரித்தான் கையை எடுப்பினம். உதவி வேணுமெண்ட வீட்டுக்கு இரண்டு பேராப் போறது. படலையில நிண்டு நீட்டிப்போட்டு வாறேல்ல. உள்ள போய் இருந்து, அவை தாற தேத்தண்ணியைக் குடிச்சு, ஊர்க்கதை கதைச்சுப்போட்டுத்தான் எழும்புறது. அந்தத் தேத்தண்ணியை வேண்டாம் எண்டால் வீட்டுக்காரிக்கு முகம் சுருங்கிப்போகும்.

சண்டை முடிஞ்ச நேரம் மனிக் பாம் அகதி முகாமில சாப்பாட்டுக்கும் தண்ணிக்கும் வரிசையில நிண்ட சனம் இது. இப்பவும் பொதிக்கு வரிசை எண்டால் கன பேருக்கு உடம்பு கூசும். தம்பிக்கு அதைச் சொல்லுங்கோ, விளங்கும்.

இன்னொரு விஷயம். முந்தி அருவி வெட்டி முடிய ஏலாததுகள் வயலுக்க இறங்கிக் கதிர் பொறுக்குங்கள். வேதாகமத்தில ரூத்தும் போவாசின்ர வயலில அதைத்தானே செய்தவ. வயல் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, ஏழைக்கு விடு எண்டு லேவியர் 19 இல கிடக்கு. இப்ப சுனாமி எண்டுற அறுவடை மிசின் இறங்கினால் காலையில வயல், மத்தியானம் மூட்டை. பொறுக்க என்ன மிஞ்சும்? எங்கட பங்கில ஒரு அண்ணை மிசின்காரனிட்ட சொல்லி வாய்க்கால் பக்கத்து மூலையை வெட்டாமல் விடுவிக்கிறவர். இரண்டு பொம்பிளையள் வந்து தாங்களே வெட்டி, அடிச்சு, தூத்திக் கொண்டு போகினம். அவையைக் கேட்டால் "எங்கட நெல்லு" எண்டுதான் சொல்லுவினம். அவரும் பேசாமல் இருப்பார்.

சூரிச் பக்கம்:
அண்ணை, குறை நினைக்காதேங்கோ. படம் கேக்கிற எல்லாரும் பேருக்காகக் கேக்கேல்ல. இஞ்ச இரவு வேலை செய்து அனுப்பின காசு எங்க போனதெண்டே தெரியாமல் போன கதை என்னட்டையே இருக்கு. படம்தான் எங்களுக்குக் கிடைக்கிற ஒரே ரசீது. பவுலே எருசலேம் ஏழையளுக்குச் சேர்த்த காசைத் தனிய ஒருத்தரிட்டக் குடுக்கேல்ல. தீத்துவோட இன்னும் ஆக்களையும் அனுப்பினவர், ஒருத்தரும் குறை சொல்லக்கூடாதெண்டு. 2 கொரிந்தியர் 8 ஐ வாசிச்சுப் பாருங்கோ.

வட்டக்கச்சியான்:
நீங்கள் சொல்லுறது முழுக்கச் சரி தம்பி. அதே அதிகாரத்தில மக்கதோனியாச் சனம் தாங்களே வறுமையில கிடந்துகொண்டு குடுத்ததும் இருக்கு, அதை விட்டிட்டியள். கணக்கைக் காட்டத்தான் வேணும். பில்லைப் படம் எடுக்கலாம், அடுக்கி வைச்ச சாமானை எடுக்கலாம், பங்குத்தந்தையும் இன்னொரு ஆளும் கையெழுத்து வைக்கலாம். வாங்கிறவையின்ர முகம் என்னத்துக்கு?

அக்காவுக்கு ஒண்டு: பொதியை விட, கடன் எழுதுற கடைக் கொப்பியைப் பாருங்கோ. நத்தார் வாறது காலபோகப் பயிர் பச்சையா நிக்கிற நேரம். உரத்துக்கும் உழவுக்கும் குடுத்துக் கை வெறுமையாயிருக்கும், மழையில கூலி வேலையும் இல்லை. கடன் ஏறுறது அப்பதான். கடைக்காரரிட்டக் காசைக் குடுத்து அந்தக் குடும்பங்களின்ர கணக்கில கழிக்கச் சொல்லலாம்.

மாங்குளத்து அக்கா:
நேற்று இரவு தம்பியோட கதைச்சன். கொஞ்சம் முறுகினான், பேந்து பில்லும் சுவாமியின்ர கையெழுத்தும் காணும் எண்டிட்டான். பனரை மட்டும் இன்னும் விடுறானில்லை. கடைக் கொப்பி விஷயம் நல்லாயிருக்கு, ஆனா எங்கட கடைக்காரர் ஊருக்கெல்லாம் சொல்லுவார். அதுக்கு என்ன வழி?

வட்டக்கச்சியான்:
அப்ப அந்தக் கடையை விடுங்கோ. வீட்டுக்காரியிட்டயே காசைக் குடுத்தால் அவவே போய்க் கட்டுவா. பனருக்குப் போற காசில இன்னும் ஒரு வீட்டுக் கடனைக் கட்டலாமெண்டு தம்பியிட்டச் சொல்லிப் பாருங்கோ.